பாலத்துக்கு அந்தப் பக்கம்

கொரோனாவுக்கு முந்தைய வருடம், ஒரு சனிக்கிழமை காலை. நியூ ஜெர்சியில் வாசகர் சந்திப்பு ஒன்று. நான் அப்போது பென்சில்வேனியாவில், ஃபிலடெல்ஃபியாவுக்குப் பக்கத்தில் குடியிருந்தேன். எனக்கு அப்போது கார் கிடையாது. அண்ணன் தன் காரில் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். எங்கள் வட்டத்தில் எல்லோருமே அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். என்னைப் போலவே மென்பொருள் வேலைக்கு வந்து, குடியுரிமை வாங்கி, ஒரு கட்டத்தில் நிரல் எழுதியது போதும் என்று வேலையை விட்டுவிட்டு, பெட்ரோல் பங்க்கை ஒட்டிய கடை ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். ஒரு நாள் இரவு கடையை மூடும் நேரத்தில் ஒருவன் துப்பாக்கியை நீட்டிக் கல்லாவைக் காலிசெய்துகொண்டு போனான். அதற்குப் பிறகு அண்ணனும் ஒரு துப்பாக்கி வாங்கினார்.

டெலவேர் ஆற்றுப் பாலத்துக்கு இரண்டு மைல் இருக்கும்போது சட்டென்று வண்டியை ஓரங்கட்டினார். பின் சீட்டிலிருந்த பையை எடுத்து ஜிப்பைத் திறந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது.

“ராத்திரி கடையிலருந்து வந்த பை, தம்பி. அப்படியே தூக்கிட்டு வந்துட்டேன். உள்ள இருக்கு.”

“உங்ககிட்டதான் லைசென்ஸ் இருக்கே அண்ணே?”

“இருக்கு. இந்தப் பக்கம்.” கையால் பாலத்தைக் காட்டினார். “அந்தப் பக்கம் போயிட்டா அது வெறும் அட்டை.”

டிக்கியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனால் என்ன என்று கேட்டேன். நியூ ஜெர்சியைக் கடந்து வேறெங்கோ போனால் அது ஒரு கதை, நியூ ஜெர்சிக்கே போனால் அது வேறு கதை என்றார். பிறகு என்னைப் பார்த்து, “நீ வேற ஹெச்-1பி. வண்டியில இது யாரோடதுன்னு கேள்வி வந்தா உனக்கு என்னவோ அது எனக்குத் தெரியாது. நான் ஜாமீன்ல வருவேன், நீ பிளேன்ல போவ” என்றார்.

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் நீங்கலாக, என்னைப் போலத் தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதையே அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடைசெய்கிறது. வண்டியைத் திருப்பினோம். வீட்டில் அதை வைத்துப் பூட்டிவிட்டு மறுபடி கிளம்பிப் போய்ச் சேர்ந்தபோது முதல் அமர்வு முடிந்து காபி இடைவேளை ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு என்ன பேசினார்கள் என்பது இப்போது நினைவில்லை. ஒரு ஆற்றின் ஒரு கரையில் அரசே சோதித்துப் பார்த்து அனுமதித்த ஒருவர், மறு கரையில் எப்படிக் குற்றவாளி ஆகிறார் என்ற கேள்வி மட்டும் கூடவே வந்தது. இந்தியாவில் ஆயுதங்கள் ஒன்றியப் பட்டியலில் இருக்கின்றன. நாடு முழுமைக்கும் ஒரே ஆயுதச் சட்டம். அந்தப் பழக்கத்தில் யோசித்தவனுக்கு இது புதிராக இருந்தது.

*

வெளியே தெரியாதபடி இடுப்பிலோ பையிலோ துப்பாக்கியை வைத்துக்கொண்டு நடமாடுவதை இங்கே ‘கன்சீல்ட் கேரி’ என்கிறார்கள். அதற்கான அனுமதியை வழங்குவது மாநில அரசு. ஒரு மாநிலத்தின் அனுமதி இன்னொரு மாநிலத்தில் செல்லுமா என்பதற்குச் சுருக்கமான பதில்: நீங்கள் போகிற மாநிலம் செல்லும் என்று சொன்னால் செல்லும். உங்கள் சொந்த மாநிலத்துக்கு அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

அன்றிரவு, தொழில் புத்தி, இதை ஒரு அட்டவணையாகப் போட்டுப் பார்க்க உட்கார்ந்தேன். 50 மாநிலங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் மற்ற 49க்கு. மொத்தம் 2,450 கட்டங்கள், ஆம் அல்லது இல்லை. அரை மணி நேரத்தில் கைவிட்டேன். ஏனென்றால் இது ஒருவழிப் பாதை: அ மாநிலம் ஆவின் உரிமத்தை ஏற்கும், ஆ அதைத் திருப்பிச் செய்யாது. சில மாநிலங்கள் அந்த ஊர்வாசிக்குக் கொடுத்த உரிமத்தை மட்டும் ஏற்கும், வெளியூர்க்காரருக்குக் கொடுத்ததை ஏற்காது. சில இடங்களில் வயது 21 ஆகியிருக்க வேண்டும். நியூ ஜெர்சியில் நுனி குழிவான தோட்டாவுக்கென்றே தனிக் கட்டுப்பாடு. போதாததற்கு இந்தக் கட்டங்கள் நிலையாக இருப்பதும் இல்லை. ஒரு மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் ஒரு கையெழுத்தில் ஒரு வரிசையையே மாற்றிவிடலாம்.

பென்சில்வேனியாவிலேயே அப்படி நடந்தது. ஃபிலடெல்ஃபியா காவல்துறை உரிமம் தர மறுத்தவர்கள், ஃப்ளோரிடாவுக்குத் தபாலில் விண்ணப்பித்து அந்த ஊர் உரிமத்தை வாங்கி, அதைக் கொண்டு ஃபிலடெல்ஃபியாத் தெருவிலேயே சட்டப்படி நடமாடினார்கள். இரு மாநிலங்களுக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் அதற்கு இடம் இருந்தது. 2013இல் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞராக இருந்த கேத்லீன் கேன் அந்த ஒப்பந்தத்தைத் திருத்தி, ஃப்ளோரிடாவில் வசிப்பவர்களின் உரிமம் மட்டுமே இனிச் செல்லும் என்று ஆக்கினார். நேற்றுவரை சட்டத்துக்கு உட்பட்டிருந்தவர்கள் இன்று அதே தெருவில் சட்டத்துக்கு வெளியே.

ஓட்டுநர் உரிமம் எல்லா மாநிலத்திலும் செல்கிறதே என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அமெரிக்க அரசியல் சாசனத்தின் நான்காம் பிரிவு, ஒவ்வொரு மாநிலமும் மற்ற மாநிலங்களின் பொதுச் சட்டங்களுக்கும் ஆவணங்களுக்கும் நீதிமன்றத் தீர்ப்புகளுக்கும் முழு நம்பிக்கையும் மதிப்பும் அளிக்க வேண்டும் என்கிறது. ஆனால் ஒரு தொழிலையோ செயலையோ செய்ய அனுமதிக்கும் உரிமங்கள் அந்த வாக்கியத்துக்குள் தானாக அடங்குவதில்லை. ஓட்டுநர் உரிமம் செல்வது மாநிலங்கள் தாங்களாகவே அப்படிச் சட்டம் செய்துகொண்டதால். ஃபிலடெல்ஃபியாவில் முடிவெட்ட உரிமம் பெற்றவர் ஆற்றுக்கு எதிர்க்கரையில் இருக்கும் கேம்டனில் அதே உரிமத்தை மாட்டிவைத்துக் கடை போட முடியாது.

கல்யாணத்துக்கே இந்தக் கதிதான் இருந்தது. 1958இல் வெள்ளை ஆணான ரிச்சர்ட் லவ்விங்கும் கறுப்பினத்தை ஒட்டிய வம்சாவளி கொண்ட மில்ட்ரெட்டும் வாஷிங்டனில் சட்டப்படி திருமணம் செய்துகொண்டு தங்கள் ஊரான வர்ஜீனியாவுக்குத் திரும்பினார்கள். சில வாரங்களில் ஷெரிஃப் நள்ளிரவில் படுக்கையறைக்குள் வந்து நின்றார். சுவரில் மாட்டியிருந்த திருமணச் சான்றிதழ் அங்கே செல்லாது. பொட்டோமாக் ஆற்றின் ஒரு கரையில் கணவன் மனைவி, மறு கரையில் குற்றவாளிகள். 1967இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது முடிவுக்கு வந்தது. ஆறு தாண்டினால் மாறும் சட்டம் என்பது இந்த நாட்டின் அடித்தளத்திலேயே இருக்கிறது. எதை அப்படி மாற விடலாம், எதை விடக் கூடாது என்பதுதான் இருநூறு வருடச் சண்டை.

*

துப்பாக்கியின் கதையைப் பின்னோக்கிப் படித்துக்கொண்டு போனபோது 1813இல் ஒரு வாக்கியத்தில் நின்றுவிட்டேன்.

அந்த வருடம் கென்டக்கி மாநிலம், ஆயுதத்தை மறைத்து எடுத்துச் செல்வதைத் தடைசெய்தது. சட்டைக்குள் வைக்கும் சிறு கைத்துப்பாக்கி, குத்துவாள், பெரிய கத்தி, கைத்தடிக்குள் ஒளித்த வாள் எல்லாம் அதில் அடக்கம். மீறினால் குறைந்தது நூறு டாலர் அபராதம். அந்தக் காலத்தில் பெரிய தொகை. ஆனால் ஒரு விதிவிலக்கு: பயணத்தில் இருப்பவரைத் தவிர.

மறுபடி படித்தேன். உள்ளூரில் நடமாடுகிறவன் மறைத்து வைத்துக்கொள்ளக் கூடாது. பயணி வைத்துக்கொள்ளலாம்.

கென்டக்கி மட்டுமல்ல. 1820இல் இண்டியானா இதே போன்ற தடையைக் கொண்டுவந்தபோது பயணிகளை விட்டுவிட்டது. அலபாமா தன் தடைச் சட்டத்தில் பயணம் செய்பவருக்கும் பயணம் புறப்படுகிறவருக்கும் விலக்கு அளித்தது. 1871இல் டெக்ஸஸ் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்வதையே பொதுவாகத் தடைசெய்தது. அதிலும் பயணிகள் தங்கள் மூட்டை முடிச்சுகளோடு ஆயுதம் வைத்துக்கொள்ளலாம். யார் பயணி, எத்தனை தூரம் போனால் பயணி, வழியில் கடைக்குள் நுழைந்தால் பயணம் முடிந்ததா என்று டெக்ஸஸ் நீதிமன்றங்கள் அதற்கப்புறம் நூறு வருடத்துக்கு மேல் வழக்குக்கு வழக்கு அடித்துக்கொண்டன.

இதன் பின்னால் இருந்த மனநிலை இன்றைக்கு அப்படியே தலைகீழ். நேர்மையானவன் ஆயுதத்தை வெளியே தெரியும்படி வைத்திருப்பான். ஒளித்து வைப்பவன் கோழை, கொலைக்குக் காத்திருப்பவன். ஒருவரையொருவர் தெரிந்த ஊருக்குள் மறைத்து வைப்பது துரோகம். ஊருக்கு வெளியே பாதை ஆபத்தானது, காவல் கிடையாது. பயணி பாவப்பட்டவன், அவனுக்கு விலக்கு கொடு.

இந்தச் சட்டங்களை எல்லோரும் ஏற்கவும் இல்லை. கைத்தடி வாள் வைத்திருந்து தண்டிக்கப்பட்ட பிளிஸ் என்பவரின் வழக்கில் 1822இல் கென்டக்கியின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே ரத்து செய்தது. கென்டக்கிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 1850இல் புதிய மாநில அரசியல் சாசனத்தை எழுதியபோது, மறைத்து எடுத்துச் செல்வதைத் தடுக்கச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று அதிலேயே சேர்த்துவிட்டார்கள். 1897இல் வேறொரு வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் போகிற போக்கில், மறைத்து எடுத்துச் செல்வதைத் தடுக்கும் சட்டங்களால் ஆயுத உரிமை மீறப்படுவதில்லை என்று எழுதியது.

ஆனால் ‘பயணி’ என்ற சொல்லுக்குள் எல்லோரும் இல்லை. அதே தெற்கு மாநிலங்களில் அடிமைகள் பண்ணையை விட்டு வெளியே போக எசமானரின் சீட்டு வேண்டும். 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் தலைமை நீதிபதி ரோஜர் டேனி, கறுப்பினத்தவர் இந்த நாட்டின் குடிமக்களாக முடியாது என்று தீர்ப்பளித்தார். அதற்கு அவர் அடுக்கிய பயங்களைக் கவனிக்க வேண்டும். அவர்களைக் குடிமக்கள் என்று ஏற்றால், சீட்டு எதுவும் இல்லாமல் எந்த மாநிலத்துக்குள்ளும் நுழைவார்கள், விரும்பிய இடத்தில் பேசுவார்கள், போகிற இடமெல்லாம் ஆயுதம் வைத்திருப்பார்கள். மாநில எல்லையைக் கடப்பதும் ஆயுதம் வைத்திருப்பதும் அந்தத் தீர்ப்பில் பக்கம் பக்கமாக நிற்கின்றன. குடிமகன் என்பவன் யார் என்று கேட்டபோது டேனியின் மனதில் வந்த படம் அது. அந்தப் படத்தில் கறுப்பு முகம் இருக்கக் கூடாது என்பதுதான் அவர் தீர்ப்பு. உள்நாட்டுப் போர் முடிந்த 1865இலேயே மிசிசிப்பி, விடுதலையான கறுப்பினத்தவர் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் செய்தது.

*

இருபதாம் நூற்றாண்டில் விலக்கு என்ற இடத்தில் உரிமம் வந்து உட்கார்ந்தது. 1911இல் நியூயார்க்கின் சல்லிவன் சட்டம் கைத்துப்பாக்கிக்கு உரிமம் கட்டாயம் என்றது. 1913இல் செய்த திருத்தம், மறைத்து எடுத்துச் செல்ல ‘தக்க காரணம்’ காட்ட வேண்டும் என்றது. தக்க காரணமா என்பதை முடிவு செய்பவர் அதிகாரி. பல மாநிலங்கள் இதே வழியில் போயின. அதிகாரிக்கு உங்களைப் பிடித்திருந்தால் உரிமம் கிடைக்கும்.

அதிகாரிக்கு யாரைப் பிடிக்கும்? 1956 ஜனவரியில் அலபாமாவின் மாண்ட்கோமரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வைத்தார்கள். அவர் துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பித்தார். மறுக்கப்பட்டது. வீட்டில் குண்டு வெடித்தவருக்கு இல்லாத தக்க காரணம் வேறு யாருக்கு இருக்க முடியும் என்று தெரியவில்லை. இந்த ஒரு சம்பவத்தைத் துப்பாக்கி ஆதரவாளர்கள் இன்றும் மேடை தோறும் சொல்கிறார்கள். சொல்பவர்கள் யாராக இருந்தாலும் சம்பவம் உண்மை.

1987இல் ஃப்ளோரிடா வேறு பாதை போட்டது. குற்றப் பின்னணி இல்லாமல், பயிற்சி முடித்து, நிபந்தனைகளை நிறைவேற்றினால் அரசு உரிமம் தந்தே ஆக வேண்டும். அதிகாரியின் விருப்பு வெறுப்புக்கு இடமில்லை. அடுத்த இருபது வருடங்களில் பெரும்பாலான மாநிலங்கள் இந்தப் பக்கம் சாய்ந்தன. டெக்ஸஸைச் சாய்த்தது ஒரு பெண்ணின் சாட்சியம். 1991 அக்டோபரில் கில்லீன் நகரில் ஒரு உணவகத்துக்குள் பிக்கப் வண்டியை ஏற்றிவந்த ஒருவன் 23 பேரைச் சுட்டுக் கொன்றான். அங்கே பெற்றோரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சூசன்னா ஹப். அன்றைய சட்டத்துக்குப் பயந்து தன் துப்பாக்கியைக் காரில் விட்டு வந்திருந்தார். பெற்றோர் இருவரும் அங்கே கொல்லப்பட்டார்கள். அவர் பல மாநிலச் சட்டமன்றங்களில் இதைப் போய்ச் சொன்னார். 1995இல் ஆளுநர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் புதிய உரிமச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அடுத்த வருடமே ஹப் சட்டமன்றத்துக்குத் தேர்வானார்.

இந்த இடத்தில்தான் நம் கேள்வி பிறக்கிறது. மறைத்து எடுத்துச் செல்வது பெரும்பாலும் குற்றமாக இருந்த காலத்தில் மற்ற மாநிலத்தில் செல்லுமா என்று கேட்க ஆள் இல்லை. லட்சக்கணக்கானவர்கள் கையில் அட்டை வந்த பிறகு அந்த அட்டையோடு அவர்கள் பயணம் செய்தார்கள். கென்டக்கியின் பழைய வாக்கியம் யாரும் திட்டமிடாமலேயே தலைகீழாகிவிட்டது. வீட்டுக்குப் பக்கத்தில் மறைத்து வைத்துக்கொள்ளலாம். பயணத்தில் வைத்துக்கொண்டால் சிறை.

*

2013 அக்டோபரில் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த 27 வயதுப் பெண் ஒருவர் அண்ணன் வண்டியைத் திருப்பிய அதே ஆற்றைத் தாண்டினார். தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் கறுப்பினத் தாய். கொள்ளையர்களிடம் மாட்டிய அனுபவத்துக்குப் பிறகு பென்சில்வேனியாவில் முறைப்படி உரிமம் பெற்றுத் துப்பாக்கி வாங்கியிருந்தார். நியூ ஜெர்சியில் சாதாரணப் போக்குவரத்து மீறலுக்காகக் காவலர் நிறுத்தினார். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி, தன்னிடம் துப்பாக்கி இருக்கிறது, உரிமமும் இருக்கிறது என்று அவரே சொன்னார். கைது. நியூ ஜெர்சியின் கிரேவ்ஸ் சட்டப்படி குறைந்தது மூன்றரை வருடம் சிறை என்ற நிலை. பல வாரங்கள் உள்ளே இருந்தார். நாடு முழுக்கப் பேச்சான பிறகுதான் வழக்கு சிறையில்லா வழிக்குத் திருப்பப்பட்டது. 2015 ஏப்ரலில் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி அவருக்கு முழு மன்னிப்பு வழங்கினார்.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்று. அவர் பொய் சொல்லியிருந்தால் ஒருவேளை தப்பியிருக்கலாம். எல்லா மாநிலத்துக்கும் அட்டை ஒன்றுதான் என்று நம்பியது அவருடைய தவறு. ஆனால் ஓட்டுநர் உரிமத்தை வைத்து யோசிக்கிற யாரும் செய்யக்கூடிய தவறு. நான் செய்தேனே, அண்ணனிடம் “லைசென்ஸ் இருக்கே” என்று.

கூட்டாட்சி அரசு இதற்கு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1986இல் ரீகன் கையெழுத்திட்ட ஒரு சட்டம், மாநிலங்களைக் கடந்து போகிறவருக்குப் பாதுகாப்பு தருகிறது. கிளம்பும் இடத்திலும் சேரும் இடத்திலும் அவர் துப்பாக்கியைச் சட்டப்படி வைத்திருக்கலாம் என்றால், நடுவில் உள்ள மாநிலங்கள் அவரைத் தொடக் கூடாது. ஆனால் தோட்டா நீக்கியிருக்க வேண்டும், வண்டியில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. டிக்கி இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும்; முன்பக்கச் சிறு அறை அந்தக் கணக்கில் வராது. அண்ணன் சொன்ன ‘கடந்து போனால் ஒரு கதை’ இதுதான். இது துப்பாக்கிச் சாமானுக்கான பாதுகாப்பு. இடுப்பில் வைத்துக்கொள்ள அல்ல.

அதுவும் எவ்வளவு மெல்லிய பாதுகாப்பு என்பதை யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஒருவர் 2005இல் நெவார்க் விமான நிலையத்தில் தெரிந்துகொண்டார். பென்சில்வேனியாவுக்குப் போகிற வழியில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டார். துப்பாக்கி இருந்த பெட்டியோடு அன்றிரவு ஹோட்டலில் தங்க வேண்டி வந்தது. மறுநாள் விமான நிலையத்தில், விதிப்படி, பெட்டிக்குள் துப்பாக்கி இருக்கிறது என்று அறிவித்தார். கைது. வழக்கு கைவிடப்பட்டாலும் சில நாள்கள் சிறையில் இருந்தார். அவர் தொடுத்த வழக்கில் 2010இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது: ஹோட்டல் அறையில் அந்தப் பெட்டி அவர் கைக்கெட்டும்படி இருந்தது, ஆகவே சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. அவருக்கு வேறு வழியில்லாமல் போனது நீதிபதிகளுக்கும் புரிந்தது. சட்டத்தில் அதற்கு இடம் இல்லை, வேண்டுமென்றால் காங்கிரஸ் திருத்தட்டும் என்றார்கள்.

*

காங்கிரஸ் திருத்தப் பார்த்தது. ஒரு மாநில உரிமம் எல்லா மாநிலத்திலும் செல்ல வேண்டும் என்ற முன்மொழிவு 2009இல் செனட்டில் 58க்கு 39 வாக்குகள் பெற்றது. 60 தேவைப்பட்டதால் தோற்றது. 2013இல் 57க்கு 43, மறுபடி தோல்வி. 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் 231க்கு 198 என்று நிறைவேறி, செனட்டில் அப்படியே கிடந்தது. 2025இல் மீண்டும் கொண்டுவந்திருக்கிறார்கள். இடையில் 2004இல் பணியிலும் ஓய்விலும் உள்ள தகுதியான காவலர்களுக்கு மட்டும் நாடு முழுவதும் செல்லும் அனுமதியைச் சட்டமாக்கினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், மாநில உரிமை என்று எப்போதும் கொடி பிடிப்பவர்கள்தான் இங்கே வாஷிங்டன் தலையிட வேண்டும் என்கிறார்கள். மத்திய அரசு வலுவாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் மாநிலத்தின் முடிவை மதியுங்கள் என்கிறார்கள்.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. அந்தத் தாயை நினைத்தால் ஒரே விதி வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் எந்த விதி? வெர்மான்டில் கன்சீல்ட் கேரிக்கு உரிமம் என்ற ஒன்றே இருந்ததில்லை. ரட்லண்ட் நகரம் அப்படி ஒன்றைக் கேட்டபோது 1903இல் மாநில உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 2003இல் அலாஸ்கா தொடங்கி ஒவ்வொன்றாக மாறி, இன்று 29 மாநிலங்களில் மறைத்து எடுத்துச் செல்ல உரிமமே வேண்டாம். 2021இல் டெக்ஸஸும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. எல்லா இடமும் எல்லா இடத்தையும் ஏற்க வேண்டும் என்றால், நடைமுறையில் மிகத் தளர்ந்த மாநிலத்தின் அளவுகோல் நியூயார்க் சுரங்க ரயில் வரைக்கும் வந்துவிடும். கொலராடோ, இலினாய் வழக்குகளில் அந்த மாநிலங்கள் சொன்ன வாதம் எனக்குப் புரிகிறது: எங்கள் ஊர்க்காரரின் குற்றப் பதிவையும் மனநலப் பதிவையும் எங்களால் பார்க்க முடிகிறது, வெளியூர்க்காரரின் பதிவைத் தொடர்ந்து பார்க்க எங்களிடம் வழியில்லை. தரவுத்தளம் ஒன்றோடொன்று பேசாத இரண்டு அமைப்புகளை இணைக்கச் சொல்லி ராத்திரி பகலாக உட்கார்ந்தவன் நான். அது சாக்கு அல்ல, உண்மையான சிக்கல்.

2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் நியூயார்க்கின் நூற்றாண்டுப் பழைய ‘தக்க காரணம்’ விதியை 6க்கு 3 என்ற கணக்கில் ரத்து செய்தது. பொது இடத்தில் தற்காப்புக்காகத் துப்பாக்கி எடுத்துச் செல்வது அரசியல் சாசன உரிமை என்றது. ஆனால் உரிம முறையை ஒழிக்கச் சொல்லவில்லை. அது உரிமை என்றால் ஆற்றோடு ஏன் முடிய வேண்டும் என்ற கேள்வி உடனே எழுந்தது. உரிமம் தேவைப்படாத நியூ ஹாம்ப்ஷயரிலிருந்து, உரிமம் கட்டாயமான மாசசூசெட்ஸுக்குக் காரில் வந்து மாட்டிய இருவரின் வழக்குகளில் 2025 மார்ச்சில் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் ஒரே நாளில் பதில் சொன்னது. வெளியூர்க்காரருக்கு அதிகாரி விருப்பப்பட்டால் தரலாம் என்றிருந்த பழைய விதி செல்லாது. தகுதி இருந்தால் தந்தே ஆக வேண்டும் என்ற புதிய விதி செல்லும். வெளியூர்க்காரரும் முன்கூட்டி விண்ணப்பித்து வாங்கத்தான் வேண்டும். அதாவது கதவைச் சாத்தாதே, ஆனால் தட்டிவிட்டு உள்ளே வரச் சொல்லலாம்.

நான் போய்ச் சேர்ந்த இடமும் ஏறக்குறைய அதுதான். உரிமம் என்பது ‘இவரை எங்களுக்குத் தெரியும்’ என்று ஒரு ஊர் எழுதிக் கொடுக்கும் சீட்டு. 1813இல் தெரிந்தவர்களிடையே ஆயுதம் கூடாது, தெரியாத பாதையில் இருக்கலாம் என்றார்கள். இன்று தெரிந்தவனுக்குக் கொடு, தெரியாதவனைப் பிடி என்கிறார்கள். மாறியது பயணியைப் பற்றிய எண்ணம். அன்றைக்கு ஆபத்தில் இருப்பவன் பயணி. இன்றைக்கு அவனே ஆபத்து.

*

போன மாதம் அண்ணன் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கோப்பு. நியூ ஜெர்சியின் வெளியூர்க்காரர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறாராம். கிளைக் கடை ஒன்றை ஆற்றுக்கு அந்தப் பக்கம் எடுத்திருக்கிறார். 2022 தீர்ப்புக்குப் பிறகு நியூ ஜெர்சி கொண்டுவந்த சட்டப்படி, உறவினர் அல்லாத நான்கு பேர், அவரைக் குறைந்தது மூன்று வருடமாகத் தெரிந்தவர்கள், இவரால் அவருக்கோ மற்றவருக்கோ ஆபத்து வராது என்று உறுதி தர வேண்டும்.

“மூணு பேரு ஆச்சு. நாலாவது நீ போடு தம்பி. என்னை உனக்குத் தெரியும்ல?”

தெரியும். பாலத்துக்கு இரண்டு மைல் முன்னால் வண்டியைத் திருப்பியவர். கடையில் அந்த இரவுக்குப் பிறகு பல மாதம் தூங்காதவர். கிரிக்கெட் பார்க்கும்போது ரிமோட்டைச் சுவரில் அடித்து உடைத்ததும் தெரியும். வெள்ளைத் தாளில் ஒரு மனிதரைத் தெரியும் என்று எழுத எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

“படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன் அண்ணே” என்றேன்.

“பாரு பாரு. அவசரம் இல்ல” என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தார். கோப்பு இரண்டு வாரமாக என் மேசையில் இருக்கிறது.